நூற்பட்டியலுக்கு எந்தத் தரவுத்தளம்? புதிய நூலகருக்கு ஒரு வழிகாட்டி

நூலகவியல் பட்டம் பெற்று ஒரு பள்ளியிலோ கல்லூரியிலோ அறக்கட்டளை நூலகத்திலோ வேலைக்குச் சேருகிறீர்கள். சில மாதங்களில் முதல்வரோ செயலாளரோ கூப்பிட்டுச் சொல்வார்: “கேட்டலாக்கை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திடுங்க. செலவு மட்டும் ஜாஸ்தி ஆகக் கூடாது.” உங்களுக்குப் பகுப்பு எண் போடத் தெரியும். மார்க் 21 படித்திருப்பீர்கள். ஆனால் அந்தப் பதிவுகளை எதில் வைப்பது என்பதைப் பாடத்திட்டம் பெரும்பாலும் சொல்லித் தருவதில்லை. விற்பனைக்கு வருபவர் தன் மென்பொருளைச் சொல்வார், கணினித்துறை நண்பர் தனக்குப் பழக்கமானதைச் சொல்வார். முடிவும் அதன் விளைவும் உங்கள் பொறுப்பில் வந்து நிற்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சில ஆயிரம் முதல் ஐம்பதாயிரம் நூல்கள் வரை உள்ள நூலகத்தின் பட்டியலுக்கு, ஒரே கோப்பில் அடங்கும் எளிய தரவுத்தளம் போதும். நூல் கொடுத்து வாங்கும் வேலையும் கணினிக்கு வர வேண்டும் என்றால் முழு நூலக மென்பொருளுக்குப் போகலாம். எதைத் தேர்ந்தாலும் ஒரு நிபந்தனையில் விட்டுக்கொடுக்கக் கூடாது: உள்ளே போன பதிவு அத்தனையும் ஓர் எழுத்துகூடக் குறையாமல் வெளியே வர வேண்டும்.

மென்பொருள் போகும், பதிவு இருக்கும்

இந்த நிபந்தனைக்கு நூலகக் கணினிமயத்தின் வரலாறே சான்று. அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் ஹென்ரியட் ஆவ்ரம் தலைமையில் 1960களில் மார்க் வடிவம் உருவானது. 1969இல் அந்தப் பதிவுகள் காந்த நாடாக்களில் மற்ற நூலகங்களுக்குப் போகத் தொடங்கின. அன்றைய கணினிகள் ஒன்றுகூட இன்று வேலையில் இல்லை. மார்க் இருக்கிறது. 245 என்றால் தலைப்பு, 100 என்றால் முதன்மை ஆசிரியர், 020 என்றால் ஐஎஸ்பிஎன் என்பது உலகெங்கும் நூலகர்களுக்குப் பொதுவாக இருக்கிறது.

1985இல் யுனெஸ்கோ சிடிஎஸ்/ஐசிஸ் மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. இந்தியாவில் நிசாட் என்ற அரசுத் திட்டத்தின் வழியாக அது பல நூலகங்களுக்குப் போனது. முதலில் டாஸில் ஓடியது, பிறகு விண்டோஸில் வின்ஐசிஸ் என்று வந்தது. இன்று அதைப் புதிதாகத் தொடங்குபவர் அரிது. ஆனால் ஐஎஸ்ஓ 2709 என்ற பரிமாற்ற வடிவத்தில் பதிவுகளை வெளியே எடுக்க ஐசிஸ் வழி வைத்திருந்தது. புலங்களை ஒழுங்காக அமைத்து வைத்திருந்த நூலகம் அந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு அடுத்த மென்பொருளுக்கு நகர முடிந்தது.

உள்ளூர் நிரலர்கள் ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதித் தந்த நூலக நிரல்களும் ஏராளம். மைக்ரோசாஃப்ட் அதன் கடைசிப் பதிப்புக்கான ஆதரவை 2015 ஜனவரியில் முடித்துக்கொண்டது. அந்தக் கோப்புகளை இன்றும் திறக்கலாம், ஏனெனில் அவற்றின் அமைப்பு உலகறிந்தது. ஆனால் உள்ளே இருக்கும் தமிழ், அந்தக் காலத்து எழுத்துரு ஏதாவது ஒன்றின் குறியீட்டில் இருக்கும். எழுத்துருவின் பெயர் தெரியாவிட்டால் திரையில் வருவது வெறும் குப்பை எழுத்துகள்.

நீங்கள் இன்று தேர்ந்தெடுப்பதும் ஒரு நாள் வழக்கொழியும். ஆகவே ‘இதில் என்னென்ன வசதி இருக்கிறது’ என்று கேட்பதற்கு முன் ‘இதிலிருந்து எப்படி வெளியேறுவது’ என்று கேளுங்கள்.

முதலில் ஐந்து கேள்விகள்

மென்பொருளின் பெயரை உச்சரிக்கும் முன் இந்த ஐந்துக்கும் பதிலை ஒரு தாளில் எழுதுங்கள்.

1. எத்தனை நூல்கள்? யூனிகோடில், யூடிஎஃப்-8 முறையில், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். ஒரு நூலின் முழுப் பதிவுக்கு ஆயிரம் குறிகள் என்று தாராளமாக வைத்தாலும் 3 கிலோபைட்தான். 20,000 நூல்களுக்கு 60 மெகாபைட். கைபேசியில் எடுத்த சிறு வீடியோ ஒன்றின் அளவுதான் அது. ‘உங்கள் தரவு பெரியது, பெரிய சர்வர் வேண்டும்’ என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

2. ஒரே நேரத்தில் எத்தனை பேர் எழுதுவார்கள்? தேடுபவர் எத்தனை பேர் என்பது பெரிய பிரச்சினை அல்ல. பதிவு போடுபவர் ஒருவரா, ஐவரா என்பதுதான் தேர்வை மாற்றும்.

3. பட்டியல் மட்டுமா, இரவலும் சேர்த்தா? உறுப்பினர், கெடு தேதி, தாமதக் கட்டணம், முன்பதிவு என்று போகும்போது அது வேறு வேலை. அதை நீங்களே தரவுத்தளத்தில் கட்ட முயல வேண்டாம்.

4. கெட்டுப்போனால் யார் சரிசெய்வார்? நிறுவனத்தில் லினக்ஸ் தெரிந்த ஒருவர் நிரந்தர வேலையில் இருக்கிறாரா? ‘மாணவர் ஒருவர் பார்த்துக்கொள்வார்’ என்பது பதில் ஆகாது. அவர் அடுத்த ஆண்டு படிப்பு முடித்துப் போய்விடுவார்.

5. யாருடன் பகிர வேண்டும்? கூட்டுப் பட்டியலில் சேரும் திட்டம் இருந்தால், மார்க் 21இல் வெளியே எடுக்க முடிவது கட்டாயம்.

களத்தில் இருக்கும் தேர்வுகள்

*எக்செல்.* பதிவுகளைத் தட்டச்சு செய்ய இடைக்காலக் கருவியாக வைத்துக்கொள்ளலாம். நிரந்தர இருப்பிடமாக்கக் கூடாது. 13 இலக்க ஐஎஸ்பிஎன்னை அது எண்ணாக எடுத்துக்கொண்டு 9.78 என்று தொடங்கும் அறிவியல் குறிமுறைக்கு மாற்றிவிடும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் போனது போனதுதான். பூஜ்யத்தில் தொடங்கும் பழைய 10 இலக்க ஐஎஸ்பிஎன்னின் முதல் பூஜ்யமும் உதிரும். ஒரு பத்தியை மட்டும் தேர்ந்து வரிசைப்படுத்தினால் தலைப்பு ஓரிடத்திலும் ஆசிரியர் வேறிடத்திலும் போய் நிற்கும். தட்டச்சு தொடங்கும் முன்பே எல்லாப் பத்திகளையும் ‘உரை’ வகைக்கு மாற்றி வைப்பது இந்தச் சேதத்தில் பாதியைத் தடுக்கும்.

*மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ்.* பல அட்டவணைகளை இணைக்க முடியும், படிவம் அமைப்பது எளிது. கோப்பின் உச்ச அளவு 2 ஜிபி. அது உங்களுக்குப் போதும். ஆனால் விண்டோஸும் உரிமக் கட்டணமும் தேவை. ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் பதற வேண்டாம், மாதந்தோறும் சிஎஸ்வியில் எடுத்து வையுங்கள். புதிதாகத் தொடங்குபவர் இங்கே தொடங்க வேண்டியதில்லை.

*எஸ்கியூலைட்.* சிறு நூலகத்தின் பட்டியலுக்கு என் பரிந்துரை இதுதான். ரிச்சர்ட் ஹிப் 2000இல் வெளியிட்டது. பொதுவுடைமை, உரிமம் எதுவும் கிடையாது. சர்வர் நிறுவ வேண்டாம், கடவுச்சொல் நிர்வாகம் வேண்டாம். முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு. அந்தக் கோப்பை விண்டோஸ், லினக்ஸ், மேக், கைபேசி எதிலும் திறக்கலாம். தரவுகளை நெடுங்காலம் பாதுகாக்க ஏற்ற வடிவங்களில் ஒன்றாக லைப்ரரி ஆஃப் காங்கிரஸே இதைப் பரிந்துரைக்கிறது. 2050 வரை ஆதரவு தருவது தங்கள் நோக்கம் என்று உருவாக்கியவர்கள் அறிவித்திருக்கிறார்கள். டிபி பிரவுசர் என்ற இலவசக் கருவியை நிறுவினால் எக்செல் போலவே அட்டவணையைப் பார்த்து வேலை செய்யலாம்.

இதன் எல்லைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும், படிப்பவர் எத்தனை பேரானாலும் சரி. அலுவலக நெட்வொர்க்கில் பகிர்ந்த கோப்புறையில் கோப்பை வைத்துப் பல கணினிகளிலிருந்து ஒரே சமயத்தில் எழுதக் கூடாது. பூட்டுமுறை சரியாக வேலை செய்யாமல் கோப்பு சிதைய வாய்ப்புண்டு. பதிவு போடுவது ஒரு கணினியில், மற்றவற்றில் நாள்தோறும் எடுத்த நகலில் தேடல் என்று வைத்துக்கொண்டால் சிக்கல் இல்லை.

*மரியாடிபி, போஸ்ட்கிரெஸ்.* இரண்டும் இலவசம், இரண்டும் உறுதியானவை. பலர் ஒரே நேரத்தில் பதிவு போடும் இடத்துக்கும், பட்டியலை இணையத்தில் தேட வைக்கும் இடத்துக்கும் இவை பொருந்தும். ஆனால் இவை சர்வர்கள். பாதுகாப்புத் திருத்தங்கள், பயனர் அனுமதிகள், காப்பு எல்லாம் யாராவது ஒருவரின் அன்றாட வேலையாக வேண்டும். நான்காம் கேள்விக்குப் பதில் இல்லாதவர் இங்கே வர வேண்டாம்.

*முழு நூலக மென்பொருள்.* இரவல் வேலை வேண்டும் என்றால் இதுவே வழி. கோஹா 1999இல் நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக உருவாக்கப்பட்டு 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. திறந்த மூலம், மார்க் 21, லினக்ஸ் சர்வர், உள்ளே மரியாடிபி. அரசு நூலகங்களுக்குத் தேசியத் தகவலியல் மையத்தின் ஈ-கிரந்தாலயா இருக்கிறது. கல்லூரி, பல்கலைக்கழகங்களுக்கு இன்ஃப்லிப்நெட்டின் சோல் இருக்கிறது. உங்கள் நிறுவனம் எதற்குத் தகுதி உள்ளது என்று பார்த்து, அருகில் அதைப் பயன்படுத்தும் நூலகர் ஒருவரிடம் நேரில் போய்ப் பேசிவிட்டு முடிவெடுங்கள். விளக்கக் காட்சியில் எல்லா மென்பொருளும் நன்றாகத்தான் ஓடும்.

*நோஎஸ்க்யூஎல் வகைகள்.* கணினித்துறை நண்பர் மோங்கோடிபி என்பார். நூற்பதிவில் புலங்கள் கூடும் குறையும், அதனால் நெகிழ்வான தரவுத்தளம் வேண்டும் என்பது அவருடைய வாதம். வாதத்தில் உண்மை இருக்கிறது, முடிவு தேவையில்லை. நெகிழும் பகுதியை ஒரே உரைப்புலத்தில் வைத்துக்கொண்டு மற்றதைச் சாதாரண அட்டவணைகளில் வைக்கலாம். கோஹாவே அப்படித்தான் செய்கிறது: முழு மார்க் பதிவையும் ஒரு புலத்தில் உரையாக வைக்கிறது, தலைப்பு, ஆசிரியர், படி போன்ற அன்றாடத் தேவைகளைத் தனி அட்டவணைகளில் வைக்கிறது.

நூல் வேறு, படி வேறு

எளிய தரவுத்தளம் என்றால் ஒரே நீளமான அட்டவணை என்று பொருள் அல்ல. ஐந்து அட்டவணைகள் போதும்: நூல், ஆசிரியர், இவ்விரண்டையும் இணைப்பது, பொருள், படி.

‘பொன்னியின் செல்வன்’ உங்கள் நூலகத்தில் எப்படி இருக்கிறது என்று தாங்கியில் போய்ப் பாருங்கள். ஐந்து பாகங்கள். நாட்டுடைமையான நூல் என்பதால் பல பதிப்பகங்களின் பதிப்புகள். தனித்தனிப் பாகங்களாக ஒரு வரிசை, ஒரே கட்டாக இன்னொன்று. ஒரே பதிப்பில் மூன்று படிகள், அதில் ஒன்று பைண்டிங்குக்குப் போயிருக்கிறது. இதை ஒரே அட்டவணையில் போட்டால் தலைப்பையும் ஆசிரியரையும் ஒவ்வொரு வரியிலும் திரும்பத் தட்ட வேண்டும். ஒரு வரியில் ‘கல்கி’, இன்னொன்றில் ‘கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி’, மூன்றாவதில் ‘கிருஷ்ணமூர்த்தி, ரா.’ என்று விழும். பிறகு தேடுபவருக்குப் பாதிதான் கிடைக்கும்.

பதிப்பின் விவரம் நூல் அட்டவணையில் ஒரு முறை வரட்டும். அக்செஷன் எண், விலை, வாங்கிய தேதி, தாங்கி, நிலை ஆகியவை படி அட்டவணையில் வரட்டும். ஆண்டு இறுதியில் இருப்புச் சரிபார்க்கும்போது உங்களுக்கு வேண்டியது படி அட்டவணை. வாசகர் தேடும்போது வேண்டியது நூல் அட்டவணை.

மேலும் சில விதிகள்:

ஐஎஸ்பிஎன்னை அடையாள எண்ணாக வைக்காதீர்கள். பழைய தமிழ் நூல்களில் அது இருக்காது. சில சிறு வெளியீடுகளில் இன்றும் இருக்காது. தரவுத்தளமே தானாகத் தரும் எண்ணை நூலுக்கு வையுங்கள். படிக்கு அக்செஷன் எண் தனித்தன்மையோடு இருக்கட்டும், இரட்டிப்பாக வந்தால் தரவுத்தளம் மறுக்கும்படி அமையுங்கள்.

ஐஎஸ்பிஎன், பகுப்பு எண், அக்செஷன் எண் மூன்றையும் உரையாகவே வையுங்கள். பத்து இலக்க ஐஎஸ்பிஎன்னின் கடைசியில் எக்ஸ் எழுத்து வரலாம். டியூயி முறையில் தமிழ் இலக்கியம் 894.811, தமிழ்ப் புனைகதை 894.8113. இவற்றை உரையாக வரிசைப்படுத்தினாலே தாங்கி வரிசை வந்துவிடும். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பைப் பின்பற்றும் நூலகமாக இருந்தால், அதில் எழுத்தும் நிறுத்தற்குறியும் கலந்து வரும். அதற்கு வரிசைக்கென்று தனிப்புலம் ஒன்று தேவை.

பதிப்பாண்டுக்கு இரண்டு புலங்கள் வையுங்கள். ஒன்றில் நூலில் அச்சிட்டபடியே எழுதுங்கள். பழைய நூல்களில் ‘சர்வதாரி வருஷம்’ என்று மட்டும் இருக்கும். 60 ஆண்டுச் சுழற்சியில் அது எந்த ஆண்டு என்பதை ஆய்ந்துதான் சொல்ல வேண்டும். மற்றொன்றில் நீங்கள் உறுதிசெய்த நான்கு இலக்க ஆண்டு. உறுதி இல்லை என்றால் இரண்டாவதைக் காலியாக விடுங்கள். ஊகத்தை எண்ணாக எழுதிவிட்டால் பிறகு அது உண்மையாகவே நடமாடும்.

ஆசிரியருக்கு ஒரு நிலையான பெயர், அதோடு மாற்றுப் பெயர்கள். புதுமைப்பித்தன் என்றாலும் சொ. விருத்தாசலம் என்றாலும், சுஜாதா என்றாலும் எஸ். ரங்கராஜன் என்றாலும் ஒரே இடத்துக்கு வர வேண்டும். ‘ஆசிரியர் 1, ஆசிரியர் 2’ என்று பத்திகளைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். மூன்றாவது தொகுப்பாசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் வரும்போது இடம் இருக்காது. இணைப்பு அட்டவணையில் ‘எழுதியவர், பதிப்பித்தவர், மொழிபெயர்த்தவர்’ என்று பங்கையும் குறித்தால் எத்தனை பேர் வந்தாலும் தாங்கும்.

தமிழ் தாங்குமா? நான்கு சோதனைகள்

விளம்பரத்தில் ‘தமிழ் ஆதரவு உண்டு’ என்று இருப்பதை நம்பி நிற்க வேண்டாம். அரை மணி நேரத்தில் நீங்களே சோதிக்கலாம்.

*சோதனை 1: வரிசை.* மனம், மலர், மரம், மயில், மறவன் ஆகிய ஐந்தையும் உள்ளிட்டு அகர வரிசைப்படுத்துங்கள். மயில், மரம், மலர், மறவன், மனம் என்று வர வேண்டும். மனம் முதலில் வந்தால் அந்த மென்பொருள் யூனிகோட் எண் வரிசையைப் பின்பற்றுகிறது, தமிழ் நெடுங்கணக்கை அல்ல. யூனிகோடில் ன என்ற எழுத்து ந-வுக்கு அடுத்து வைக்கப்பட்டிருக்கிறது, ற என்பது ர-வுக்கு அடுத்து. எஸ்கியூலைட்டின் இயல்பு வரிசை இப்படித்தான் வரும். வரிசைக்கான தனிப்புலம் ஒன்றை ஒரு சிறு நிரலால் நிரப்பினால் தீரும். போஸ்ட்கிரெஸில் 10ஆம் பதிப்பிலிருந்து ஐசியூ வரிசைமுறை உண்டு, அதில் தமிழைத் தேர்ந்துகொள்ளலாம்.

*சோதனை 2: ஒரே தோற்றம், வேறு குறியீடு.* ‘கொ’வின் உயிர்க்குறியை ஒற்றைக் குறியாகவும் உள்ளிடலாம், ஒற்றைக்கொம்பும் காலும் சேர்த்து இரு குறிகளாகவும் உள்ளிடலாம். திரையில் வேறுபாடு தெரியாது, தேடலில் தெரியும். பதிவு உள்ளே போகும்போதே என்எஃப்சி என்ற சீர்வடிவுக்கு மாற்றும்படி நிரலரிடம் கேளுங்கள். ‘ஸ்ரீ’க்கும் இரண்டு குறியீட்டு வழிகள் உண்டு, அதை என்எஃப்சி ஒன்றாக்காது. ‘ஔவையார்’ என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டி ‘ஒளவையார்’ ஆக்குவது மிகப் பரவலான பழக்கம். இவ்விரண்டுக்கும் நீங்களே ஒரு மாற்றுப் பட்டியல் வைத்து மாதம் ஒரு முறை சரிசெய்ய வேண்டும்.

*சோதனை 3: தேடல்.* ‘கல்வி’ என்று தேடுங்கள். ‘கலை விழா’ என்ற தலைப்பும் வந்தால் சொல்பிரிப்பு தவறு. எஸ்கியூலைட்டின் எஃப்டிஎஸ்5 முழுவுரைத் தேடல், இயல்பு அமைப்பில் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகக் கொள்வதில்லை. அவற்றைச் சொல்லைப் பிரிக்கும் இடைவெளியாக எடுத்துக்கொள்கிறது. ‘கல்வி’ அதற்குக் ‘கல’, ‘வ’ என்று இரண்டு துண்டு. தேடல் அட்டவணையை உருவாக்கும்போதே குறி வகைகளையும் சொல்லின் பகுதியாகக் கொள்ளும்படி ஒரு வரி அமைப்பு சேர்த்தால் சரியாகிவிடும். இந்த ஒரு வரியைக் கேட்டுப் பெறத் தெரிந்த நூலகர், நிரலரின் மதிப்பை உடனே பெறுவார்.

*சோதனை 4: போய்வருதல்.* நூறு பதிவுகளை ஏற்றுங்கள், சிஎஸ்வியாகவும் மார்க்காகவும் வெளியே எடுங்கள், வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். கேள்விக்குறிகளும் கட்டங்களும் தெரிந்தால் அந்த மென்பொருளை அங்கேயே விட்டுவிடுங்கள். மரியாடிபியில் எழுத்துக் குறியீட்டை யூடிஎஃப்8எம்பி4 என்று தொடக்கத்திலேயே அமைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

ஏற்றும் வேலை

தரவுத்தளம் அமைக்க ஒரு வாரம் ஆகும். பதிவுகளை ஏற்றுவதுதான் உண்மையான வேலை. ஒருவர் நாளொன்றுக்கு 40 நூல்களைச் சரிபார்த்து ஏற்றினால் 10,000 நூல்களுக்கு 250 வேலைநாள். இந்தக் கணக்கை நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். ‘இரண்டு மாதத்தில் முடியும்’ என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் தரம்தான் பலியாகும்.

அக்செஷன் பதிவேட்டைப் பார்த்து மட்டும் தட்ட வேண்டாம், நூலைக் கையில் எடுத்துத் தலைப்புப் பக்கத்தைப் பாருங்கள். பதிவேட்டில் தலைப்பு சுருங்கியிருக்கும், பதிப்பு விவரம் இருக்காது. முதல் நூறு நூல்களை முடித்ததும் நிறுத்துங்கள். வேறொருவரைக் கொண்டு சரிபார்த்து, விதிகளை ஒரு பக்கத்தில் எழுதி மேசையில் ஒட்டிவிட்டுத் தொடருங்கள்: தலைப்பெழுத்துக்குப் பின் புள்ளி உண்டா, இடைவெளி உண்டா, துணைத்தலைப்பு எங்கே போகும், பதிப்பகத்தின் பெயரை எப்படி எழுதுவது.

பெரிய நூலகங்களிலிருந்து பதிவுகளை நகலெடுக்கலாம். லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் தமிழ் நூற்பதிவுகளில் தலைப்பு பெரும்பாலும் ரோமன் எழுத்தில் இருக்கும். தமிழ் வரிவடிவம் தரப்பட்டிருந்தால் அது 880ஆம் புலத்தில் இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள். மார்க் பதிவுகளைத் திருத்தவும், சிஎஸ்வியை மார்க்காக மாற்றவும் மார்க்எடிட் என்ற இலவச மென்பொருள் உதவும். பழைய தமிழ்க் குறியீடுகளான பாமினி, டாப், டாம், டிஸ்கி ஆகியவற்றில் இருக்கும் பதிவுகளை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள். மூலக்கோப்பை அழிக்காமல் வையுங்கள்.

காப்பும் தனியுரிமையும்

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில். இது உலகெங்கும் பின்பற்றப்படும் விதி. எஸ்கியூலைட்டில் யாராவது எழுதிக்கொண்டிருக்கும்போது கோப்பை வெறுமனே நகலெடுக்கக் கூடாது, அதற்கென்று இருக்கும் காப்புக் கட்டளையைப் பயன்படுத்துங்கள். மாதம் ஒரு முறை சிஎஸ்வியிலும் மார்க்கிலும் தனியாக எடுத்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தக் காப்பிலிருந்து வேறொரு கணினியில் பட்டியலை மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத காப்பை நம்பக் கூடாது.

உறுப்பினர் விவரங்களும் அவர்கள் எடுத்த நூல்களின் வரலாறும் பட்டியல் கோப்பில் கலக்கக் கூடாது. பட்டியல் எல்லோருக்கும் உரியது, யார் எதைப் படித்தார் என்பது அவருக்கு மட்டும் உரியது. 2023ஆம் ஆண்டின் இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இதில் கவனக்குறைவுக்கு இடமே இல்லை.

குழுவின் முன் எப்படிப் பேசுவது

நிர்வாகக் குழுவிடம் ஒரு பக்கக் குறிப்போடு போங்கள். ஐந்து கேள்விகளுக்கான பதில், இரண்டு தேர்வுகள், ஒவ்வொன்றுக்கும் முதல் ஆண்டுச் செலவும் ஐந்தாண்டுச் செலவும், உங்கள் பரிந்துரை. இலவச மென்பொருளுக்கும் கணினி, மின்சாரம், பராமரிப்பு, பயிற்சி என்று செலவு உண்டு. அதை மறைக்காமல் எழுதினால் உங்கள் சொல்லுக்கு எடை கூடும்.

வெளியாரிடம் வாங்குவதாக இருந்தால் ஒப்பந்தத்தில் இவை எழுத்தில் இருக்க வேண்டும்: பதிவுகள் நூலகத்தின் உடைமை. எப்போது கேட்டாலும் எல்லாப் பதிவுகளையும் மார்க் 21இலும் சிஎஸ்வியிலும் கூடுதல் கட்டணம் இல்லாமல் தர வேண்டும். ஆண்டுச் சந்தா நின்றாலும் குறைந்தது படிக்கும் அனுமதியாவது இருக்க வேண்டும். தரவுத்தளத்தின் நிர்வாகக் கடவுச்சொல் நிறுவனத்திடமும் ஒரு நகலாக இருக்க வேண்டும். இவற்றுக்குத் தயங்கும் விற்பனையாளரை அங்கேயே அனுப்பிவிடலாம்.

உங்கள் தொழிலுக்கு இதில் என்ன லாபம்

எஸ்க்யூஎல் மொழியில் ஆறு கட்டளைகளைக் கற்றுக்கொள்ளுங்கள்: தேர்ந்தெடுத்தல், சேர்த்தல், திருத்தல், நீக்கல், இரண்டு அட்டவணைகளை இணைத்தல், தொகுத்து எண்ணுதல். மாலையில் ஒரு மணி நேரம் என்று ஒரு மாதம் போதும். உங்கள் நூலகத்தின் சொந்தத் தரவிலேயே பழகுங்கள். கடந்த ஐந்தாண்டில் வாங்கிய நூல்களில் எந்தப் பிரிவு அதிகம், எந்த நூல்களுக்கு ஒரே படி, எந்தப் பதிவுகளில் ஆசிரியர் பெயர் இல்லை என்று நீங்களே கேள்வி எழுப்பி நீங்களே பதில் எடுங்கள். ஆய்வுக்குழு வரும் நாளில் அறிக்கைக்காக யாரையும் கெஞ்ச வேண்டியிராது.

இந்த ஆறு கட்டளைகள் எஸ்கியூலைட், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றே. கோஹாவில் அறிக்கைகள் எழுதுவதும் இதே மொழியில்தான். மார்க்கும் எஸ்க்யூஎல்லும் யூனிகோடும் தெரிந்த நூலகருக்கு ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், பதிப்பகம், ஆய்வு நிறுவனம் என்று கதவுகள் பல. நேர்காணலில் ‘கணினி அறிவு உண்டு’ என்று சொல்வதைவிட, நீங்கள் அமைத்த பட்டியலைத் திறந்து காட்டி, அட்டவணைகளை ஏன் அப்படிப் பிரித்தீர்கள் என்று விளக்குவது பலமடங்கு பேசும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தீர்கள், ஏன், கோப்பு எங்கே இருக்கிறது, புலங்களின் பொருள் என்ன, காப்பு எப்படி எடுப்பது என்பதை இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதி, அச்சிட்டு, அக்செஷன் பதிவேட்டுக்குள் வையுங்கள். உங்களுக்குப் பின் அந்த நாற்காலிக்கு வருபவர் உங்களை ஒருமுறைகூடச் சந்திக்காமலே வேலையைத் தொடர முடிந்தால், நீங்கள் தேர்ந்தது சரியான தொழில்நுட்பம்.